திங்கட்கிழமை மழை

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ அனுப்பிய உன் ஆய்வேட்டு அத்தியாயங்களைக் கண்டியிலிருந்து ஹட்டன் வரும் பஸ்ஸிலேயே படித்து முடித்தேன். ஒவ்வோர் ஆண்டிலும் மிக அதிகமாகப் பெய்த ஒருநாள் மழைக்கு, அதாவது ஆண்டின் உச்ச மழைக்கு, ஏன் மணி வடிவச் செவ்வன் பரம்பல் பொருந்தாது, இத்தகைய உச்சங்கள் நெருங்கிச் செல்வதாக 1928இல் புள்ளியியலாளர்கள் ஃபிஷரும் டிப்பெட்டும் கண்ட மூன்று எல்லைப் பரம்பல்கள் எவை, 1943இல் கணிதவியலாளர் க்னெடென்கோ அதை எப்படி முழுமையாக நிறுவினார் என்பதையெல்லாம் தெளிவாக எழுதியிருக்கிறாய். ஆனால் நம் தோட்டத்து மழைப் பதிவேட்டிலிருந்து எடுத்த தரவைப் பற்றி ஒரே பத்திதான் இருக்கிறது. அதிலும் "விடுபட்ட நாள்கள் பூச்சியமாகக் கொள்ளப்பட்டன" என்று ஒரு வரி. அதைப் படித்தபின் உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

சித்தப்பா மழைமானி பார்ப்பதை நீ என்னைவிட அதிகம் கண்டவள். காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்து வேலை முடிந்ததும் தேயிலை பெக்டரிக்குப் பின்னால் போவார். செப்புக் குவளையைத் திறந்து, உள்ளே இருக்கும் போத்தலை எடுத்து, நீரை அளவுச்சாடியில் ஊற்றுவார். சாடியைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி, நீர் குழிந்து நிற்கும் அடிவிளிம்பைப் பார்த்து எண்ணைச் சொல்வார். பக்கத்தில் நின்று பதிவேட்டில் எழுதியவள் நான். ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் பூட்டியிருக்கும், கட்டம் வெறுமையாகவே இருக்கும். திங்கள் காலை போத்தலில் இருப்பது இரண்டு நாள் மழை.

இப்போது உன் கணினியில் என்ன நடக்கிறது என்று பார். ஞாயிறு 60, திங்கள் 60 மில்லிமீற்றர் பெய்திருந்தால் உன் கோப்பில் ஞாயிறு 0, திங்கள் 120. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு வைத்திருக்கும் 24 மணித்தியால அளவுகள் 75, 100, 150 மில்லிமீற்றர். முதல் அளவைக்கூடத் தொடாத மழை, இரண்டாம் அளவையும் தாண்டியதாகிவிடுகிறது.

ஒரு சோதனை செய்து பார். உன்னிடம் 42 ஆண்டுகளின் உச்சங்கள் இருக்கின்றன. மழைக்குக் கிழமை தெரியாது. ஆகவே அவற்றில் ஏறத்தாழ 6 உச்சங்கள் திங்களில் விழ வேண்டும். 14, 15 என்று வந்தால் உன் பரம்பலின் வாலை, அதாவது அரிய பெருமழைகளின் பக்கத்தை, நீட்டியது வானம் அல்ல, அலுவலக விடுமுறை.

திங்கள் எண்களைத் தூக்கி எறியவும் வேண்டாம். இரண்டு நாள் கூட்டுத்தொகை 120 என்றால், அவற்றுள் பெரிய நாள் 60க்கும் 120க்கும் இடையில்தான் இருக்கும். ஆண்டின் உச்சம் அங்கே விழுந்திருக்கலாம் என்றால், அந்த ஆண்டின் மற்ற நாள்களில் மிகப் பெரியதையும் பார்த்துக் கீழ் எல்லையைச் சரிசெய்து, பரம்பலைத் தரவோடு பொருத்தும் நிகழ்தகைமைச் சார்பில், ஒரே எண்ணுக்குரிய அடர்த்திச் சார்புக்குப் பதிலாக, உச்சம் அந்த இரு எல்லைகளுக்கு இடைப்பட்ட ஆயிடைக்குள் விழும் நிகழ்தகவை வை. அதேபோல் சில பக்கங்களின் ஓரத்தில் சிவப்பு மையில் "வ" என்று இருக்கும். குவளையே நிரம்பி வழிந்த நாள்கள் அவை. அங்கே எழுதிய எண் உண்மையான மழையின் கீழ் எல்லை மட்டுமே. அதற்கு அந்த எண்ணைத் தாண்டும் நிகழ்தகவைக் கொடு. எனக்குத் தெரிந்து உன் ஆய்வேட்டில் புதிதாக இருக்கப்போகும் பகுதி இதுதான்.

தீபாவளி விடுமுறை வெற்றிடங்களை இன்னும் கவனமாகப் பார். அவை ஒக்டோபர், நவம்பரில், இடைப்பருவ மழை கொட்டும் நாள்களில் வருகின்றன. ஆகவே எழுந்தமானமாக விடுபட்டவை என்று அவற்றைச் சொல்ல முடியாது. கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிந்து தொழிலாளரின் வரிசை வீடுகளான லயன்கள் மண்ணுக்குள் போனது 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, தீபாவளி கழிந்த மறுவாரம்.

முடிவுரையில் "நூறாண்டு மழை" என்று எழுதும் இடத்தில் கொஞ்சம் நின்று விளக்கு. நம் ஆட்கள் அதை நூறு வருடத்துக்கு ஒருமுறை வருவதாகத்தான் புரிந்துகொள்வார்கள். எந்த ஓர் ஆண்டிலும் அதற்கு நூற்றில் ஒரு வாய்ப்பு. சரிவில் இருக்கும் லயத்தில் 30 ஆண்டுகள் குடியிருக்கும் குடும்பம் அதை ஒருமுறையேனும் சந்திக்கும் வாய்ப்பு 26 சதவீதம். 0.99ஐ முப்பது முறை பெருக்கி ஒன்றிலிருந்து கழித்துக் காட்டு. உயர்தரம் படிக்கும் பிள்ளைக்கும் விளங்கும்.

என் முதுமாணி ஆய்வேடு நாள்தோறும் பறித்த தேயிலைக் கொழுந்தின் நிறுவையைப் பற்றியது. வேலைநிறுத்த நாள்களின் வெறும் கட்டங்களை நானும் பூச்சியமாக்கினேன். சராசரியான இடை சரிந்தது, பரவலைக் காட்டும் மாறற்றிறன் வீங்கியது, அதற்கு நான் ஓர் அழகான விளக்கமும் எழுதினேன். வாய்மொழித் தேர்வில் யாரும் கேட்கவில்லை. பட்டம் கிடைத்துப் பல மாதங்கள் கழித்து அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பிழை இன்னும் நூலகத்தில் அட்டை கட்டி இருக்கிறது. உன்னுடையது இன்னும் அச்சுக்குப் போகவில்லை.

அடுத்த விடுமுறைக்கு வரும்போது வெறுமையான கட்டங்களின் திகதிகளை ஆண்டு வாரியாக எழுதிக்கொண்டு வா. எழுத்து பெரிதாக இருக்கட்டும், சித்தப்பாவுக்கு இப்போது கண் சரியில்லை. ஆனால் எந்த நாள் மானி பார்க்கவில்லை, ஏன் பார்க்கவில்லை என்பது அவருக்கு நினைவிருக்கிறது. போன வாரம் இரண்டு ஆண்டுகளைப் பற்றிக் கேட்டேன், மாதம் மாதமாகச் சொன்னார்.

அன்புடன்,
அக்கா