கடற்கரைக் கூடாரம் என்று விற்றுவிட்டு, மணல் பட்டால் வாரண்டி இல்லை என்றால் எப்படி?

வணக்கம்.

போன மாதம் உங்களிடம் வாங்கிய நாலு பேர் கூடாரத்தைப் பற்றி நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. முதல் கடிதத்துக்கு வந்தது கம்ப்யூட்டர் தானாக அனுப்பும் பதில். இரண்டாவதுக்கு யாரோ ஒரு மனிதர் எழுதியிருந்தார், அதைப் படித்த பிறகு கம்ப்யூட்டரே தேவலை என்று தோன்றிவிட்டது. மணல், உப்புநீர், நேரடி வெயில் ஆகியவற்றால் வரும் சேதத்துக்கு வாரண்டி கிடையாதாம். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் "கடற்கரையில் தங்குவதற்கென்றே உருவாக்கப்பட்டது" என்று போட்டிருக்கிறீர்கள். மணலும் உப்பும் வெயிலும் இல்லாத கடற்கரை எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள், அடுத்த லீவுக்கு அங்கேயே போகிறோம்.

முதலில் முளைகள். பெட்டியில் இருந்தது பன்னிரண்டு கம்பி முளைகள், பென்சிலைவிட மெல்லிசு, அளந்து பார்த்தேன், 18 சென்டிமீட்டர். இறுகிய மண் தரையில் இது போதும், புல்வெளியிலும் போதும். காய்ந்த மணலில் இதைக் குத்துவதும் மாவில் ஊசி குத்துவதும் ஒன்றுதான். சுத்தியலே வேண்டாம், கட்டைவிரலால் அழுத்தினாலே முழுசாக உள்ளே போய்விட்டது, அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். என் மகள் கயிற்றை விளையாட்டாக ஒரு இழு இழுத்தாள், முளை கையோடு வந்துவிட்டது. மணலுக்கென்று 30, 40 சென்டிமீட்டர் நீளத்தில், அகலமாக, பள்ளமாக மடித்த தகட்டு முளைகள் தனியாக விற்கின்றன என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. எனக்குத் தெரியாததில் ஆச்சரியமில்லை, உங்களுக்கும் தெரியாதா?

அன்று ராத்திரி நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் வரைக்கும் காற்று கடலிலிருந்து கரைக்கு அடித்துக்கொண்டிருந்தது, அதனால் கடல் பக்கத்துக் கயிறுகளை மட்டும் இறுக்கி, முளைமேல் கல்லெல்லாம் வைத்துவிட்டுப் படுத்தோம். இரவில் கரை சீக்கிரம் ஆறிவிடும், கடல் ஆறாது, காற்று திரும்பிக் கரையிலிருந்து கடலுக்கு வீசும். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், படுக்கும்போது ஞாபகம் வரவில்லை, அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது புயல் இல்லை, பகல் காற்றைவிட மெதுவாகத்தான் வீசியது. அதற்கே பின்பக்கத்து நாலு முளையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடுங்கிக்கொள்ள, கூடாரம் எங்கள் மேலேயே சாய்ந்தது. நிமிர்த்தப் போனால் கண்ணாடியிழைக் கம்பி இணைப்பில் பிளந்து, அதன் சிலும்பு என் உள்ளங்கையில் ஏறிவிட்டது. இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் முள் எடுக்கிற மாதிரி என் மனைவி அதை எடுத்தார்.

எங்களைக் காப்பாற்றியது பக்கத்தில் பழைய கேரவனில் தங்கியிருந்த ஒரு பெரியவர். முளையைப் பார்த்துச் சிரித்தார். உங்கள் கூடாரம் வந்த பையையும் எங்களிடம் இருந்த நாலைந்து துணிப்பைகளையும் வாங்கி, மணலை நிரப்பி, கயிற்றை அதில் கட்டி, முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதைத்து மேலே மிதித்துவிட்டார். விடியும் வரைக்கும் அசையவில்லை. நாலு காலிப் பையும் அரைப் பக்கம் படமும் உங்கள் பெட்டியில் இருந்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை. பதிலாக உங்கள் கையேட்டின் நாலாம் பக்கத்தில் இருப்பது, "உறுதியான தரையைத் தேர்ந்தெடுக்கவும்" என்ற ஒரு வரி.

அதே பெரியவர்தான் பெட்டிப் படத்திலும் ஒன்றைக் காட்டினார், அதற்கு அப்புறம் அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. கூடாரம் அலைக்குப் பத்தடியில் நிற்கிறது, அதன் பின்னால், கரைப் பக்கத்தில், காய்ந்த பாசியும் குச்சியுமாக ஒரு கோடு தெரிகிறது. கடல் கடைசியாக ஏறியபோது எதுவரை வந்தது என்பதற்கு அந்தக் கோடுதான் அடையாளம். பெரும்பாலான கரைகளில் கடல் சுமார் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை ஏறுகிறது, பௌர்ணமி, அமாவாசை ஒட்டி இன்னும் மேலே வரும். அதாவது நீங்கள் படத்தில் கூடாரம் போட்டிருப்பது கடல் வரும் இடத்தில். அதைப் பார்த்து யாராவது குழந்தைகளோடு அங்கேயே போய்ப் படுத்தால் என்ன ஆகும்?

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 3000 மில்லிமீட்டர் நீர்த்தாங்கும் திறன் என்று லேபிளில் இருக்கிறது, துணி உண்மையிலேயே தாங்கியது, குறை சொல்லவில்லை, ஆனால் தையலுக்கு மேல் டேப் ஒட்டாமல் விட்டதால் லேசான மழைக்கே தையல் ஓட்டை வழியாகச் சொட்டியது. ஜிப் ரன்னர் மூன்றாம் நாள் பச்சை பூத்து நகர மறுத்தது. கடைசி இரண்டு ராத்திரியும் வாசலைத் துணி கிளிப் போட்டு மூடிப் படுத்தோம்.

உடைந்த கம்பி, ரன்னர், தையல், மூன்றையும் படம் எடுத்து இணைத்திருக்கிறேன், பில்லும் இருக்கிறது. எனக்கு மாற்றுக் கூடாரம் வேண்டாம், அடுத்த வாங்கலுக்குத் தள்ளுபடி கூப்பனும் வேண்டாம் (போன பதிலில் கொடுத்தீர்களே, அதைத் திருப்பி அனுப்புகிறேன்). கொடுத்த பணம் முழுசாகத் திரும்ப வேண்டும், கூடாரத்தை எடுத்துப்போகும் செலவும் உங்களுடையது. பெட்டியில் "கடற்கரை" என்ற சொல் இருக்கும் வரை மணலைக் காரணம் காட்டி வாரண்டியை மறுக்க முடியாது என்றும் எழுத்தில் வேண்டும். பதினைந்து நாள் காத்திருப்பேன். அதற்குள் பதில் வரவில்லை என்றால் இதே படங்களோடு நுகர்வோர் குறைதீர் அமைப்புக்குப் போகிறேன்.

பதிலை இந்த முறை கையேட்டைப் படித்த ஒருவர் எழுதினால் நல்லது.