களப்பணிக்கு முன் ஒரு வேண்டுகோள்

நண்பர்களே, பழங்குடி மக்களின் நிலத்தில் ஆய்வு செய்யப் போகிறவர்கள், ஆய்வுக் கேள்வியை வகுக்கும்போதே அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். மாதிரிகளைச் சேகரித்த பிறகு ஒப்புதல் கேட்பது முறையல்ல.

ஹூடியா செடி பசியை அடக்கும் என்பது தென்னாப்பிரிக்காவின் சான் பழங்குடி மக்களுக்குத் தலைமுறைகளாகத் தெரியும். அதிலுள்ள சேர்மத்துக்குக் காப்புரிமை வாங்கியவர்கள் அவர்களிடம் கேட்கவே இல்லை. போராடித்தான் 2003-ல் வருவாயில் பங்கு ஒப்பந்தம் கிடைத்தது. 2017-ல் சான் மக்களே ஆய்வாளர்களுக்கான நெறிமுறையை வெளியிட்டார்கள். சின்ன ஆவணம்தான், அவசியம் படியுங்கள்.

அப்புறம், அறிவு தந்தவர்களை நன்றியுரையோடு நிறுத்திவிடாதீர்கள்; அவர்கள் விரும்பினால் ஆய்வுக் கட்டுரையில் இணை ஆசிரியர்களாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளியிட வேண்டாம் என்று அவர்கள் சொல்வதை வெளியிடக் கூடாது.

ஆய்வுத் திட்ட வரைவு வைத்திருப்பவர்கள் இங்கே பகிருங்கள், சேர்ந்து பார்ப்போம்.