டாண்டிக்கு ஒரு புது டிரைவ்

அன்புள்ள மணி,

கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாளா! இனி உன் மேஜைமேல் ஒரு பொருள் பத்திரமாக இருக்காது. எனக்கு மூட்டுவலி அப்படியேதான்.

"அந்த டாண்டியில் ஒரு பென்டிரைவைச் செருகிவிட வேண்டியதுதானே?" என்று கேட்டிருந்தாய். செருக இடம் எங்கே இருக்கிறது? டாண்டி நிறுவனத்தின் இந்த டிஆர்எஸ்-80 மாடல் 100 மடிக்கணினி வந்தது 1983-இல். ஜப்பானில் கியோசெரா தயாரித்தது, அமெரிக்காவில் ரேடியோ ஷாக் கடைகளில் விற்றார்கள். வரிக்கு 40 எழுத்து, மொத்தம் 8 வரி, நாலு பென்சில் பேட்டரி. பத்திரிகை நிருபர்கள் இதைத்தான் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். எழுதுவதெல்லாம் ரேம் என்ற தற்காலிக நினைவகத்திலேயே இருக்கும், அதுவும் அதிகபட்சம் 32 கிலோபைட். உள்ளே இருக்கும் சின்ன நிக்கல்-காட்மியம் பேட்டரி தீர்ந்தால் எல்லாம் போச்சு.

இதற்கென்றே ஒரு குட்டி டிஸ்க் டிரைவ் இருந்தது. 3.5 அங்குல டிஸ்க், 100 கிலோபைட், தகவலைப் பிட் பிட்டாக அனுப்பும் சீரியல் போர்ட்டில் மாட்ட வேண்டும். நாற்பது வருஷத்தில் அவற்றின் ரப்பர் பெல்ட் புளிக்கரைசல் மாதிரி ஆகிச் சக்கரத்தில் அப்பிக்கொள்கிறது. பெல்ட்டை மாற்றலாம், சரி. நல்ல டிஸ்குக்கு எங்கே போவது?

அதனால் அந்த டிரைவாகவே நடிக்கும் ஒன்றைச் செய்தேன். ஏற்கெனவே பலர் செய்து நிரலை இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள், அதைப் பார்த்துத்தான். ஒரு மைக்ரோகன்ட்ரோலர் (ஒரே சிப்பில் அடங்கிய குட்டிக் கணினி) போர்டு, ஒரு மைக்ரோஎஸ்டி கார்டு, நடுவே மின்னழுத்தத்தை மாற்றும் சிப். போர்டு ஓடுவது 3.3 வோல்ட்டில். சீரியல் கம்பியிலோ பிளஸ், மைனஸ் இரண்டு வகை வோல்ட்டும் வரும். நேராகக் கொடுத்தால் போர்டு காலி.

மீதியெல்லாம் நிரல்தான், ருசியும் அதில்தான். கணினி முதலில் 'இசட்' எழுத்தை இரண்டு தடவை அனுப்புகிறது. அப்புறம் என்ன வேலை என்று ஒரு பைட், நீளம் ஒரு பைட், விவரம், கடைசியில் சரிபார்க்கும் பைட். இசட்களை விட்டுவிட்டு மற்றதைக் கூட்டி, பிட்டுகளில் 0-ஐ 1 ஆகவும் 1-ஐ 0 ஆகவும் மாற்றினால் அந்தக் கடைசி பைட் வந்துவிடும். கோப்பைக் கேட்டால் 128, 128 பைட்டாகப் பரிமாற வேண்டும். எதிரே இருப்பது டிரைவ் இல்லை என்று கணினிக்குக் கடைசிவரை தெரியாது. கார்டு 32 ஜிபி, டாண்டியின் ரேமைப்போலப் பத்து லட்சம் மடங்கு! ஆனால் கோப்பின் பெயருக்கு ஆறு எழுத்துதான், பின்னொட்டுக்கு இரண்டு.

கணினிக்கு உள்ளேயே ரோம் (நிரந்தர நினைவகம்) சிப்புக்கான சாக்கெட்டில் செருகும் பலகையும் உண்டு. வேகம் வேண்டுமென்றால் அதுதான். எனக்கென்னவோ வெளியே தொங்குவதுதான் வசதி. கார்டைக் கழற்றி லேப்டாப்பில் போட்டால் எழுதியது சாதாரண டெக்ஸ்டாக அப்படியே திறக்கிறது.

உன் வீட்டுப் பரணில் 25 பின் சீரியல் கேபிள் ஏதாவது கிடந்தால் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடாதே. பொங்கலுக்கு வரும்போது எடுத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
சேகர்