சனிக்கிழமை சிம்ப்சன்ஸ்: கால்குலேட்டரோடு வாருங்கள்

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

இந்தச் சனிக்கிழமை இரவு 8 மணிக்கு நாம் சேர்ந்து பார்க்கப்போவது அமெரிக்க கார்ட்டூன் தொடரான ‘தி சிம்ப்சன்ஸ்’-இன் பத்தாவது சீசனின் இரண்டாவது எபிசோடு. 1998-இல் வந்தது. எடிசன் மாதிரி ஆகவேண்டும் என்று தொடரின் நாயகன் ஹோமர் கிளம்பும் கதை.

அவர் கரும்பலகையில் எழுதும் ஒரு கணக்கைத் தவறவிடாதீர்கள். 3987, 4365 இரண்டின் 12ஆம் அடுக்குகளைக் கூட்டினால் 4472-இன் 12ஆம் அடுக்கு வருமாம். பத்து இலக்கம் காட்டும் கால்குலேட்டரில் போட்டால் சரியாகவே வரும்! அடுக்கு 2-ஐவிடப் பெரிதானால் நேர் முழு எண்களில் இப்படிக் கூட்டல் சரியாக அமையவே அமையாது என்கிறது ஃபெர்மாவின் கடைசித் தேற்றம். அப்படியென்றால் அது பொய்யா? இல்லை. முதல் இரண்டு எண்களும் மூன்றால் வகுபடும், அதனால் அவற்றின் அடுக்குகளின் கூட்டலும் வகுபடும்; 4472 வகுபடாது, அதன் அடுக்கும் வகுபடாது. கால்குலேட்டர் காட்டும் பத்து இலக்கத்துக்கு அப்பால்தான் வித்தியாசம் ஒளிந்திருக்கிறது. குட்டு உடைந்தது.

தொடரின் எழுத்தாளர் டேவிட் எக்ஸ். கோஹன் இதற்கென்றே புரோகிராம் எழுதித் தேடிப் பிடித்த எண்கள் இவை. கண்ணிமைக்கும் நேரம் வந்துபோகும் பலகைக்கு இவ்வளவு மெனக்கெடல். ரசிகர்களும் சளைத்தவர்கள் இல்லை. அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் ஹோமரின் பக்கத்து வீட்டுக்காரர் நெட் ஃபிளாண்டர்ஸ் வேடத்தில், அவர் பேசும் வசனங்களையே பாட்டாக்கி மெட்டல் (அதிரடி ராக்) இசைத்த ஒரு குழு உண்டு, பெயர் ஓகிலி டோகிலி. 2019-இல் தொடரே அவர்களை ஒரு எபிசோடின் இறுதியில் காட்டியது. (பச்சை ஸ்வெட்டரில் அலறுகிறார்கள், காதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.)

அப்புறம், “பழைய சீசன்தான் உசத்தி” சண்டையை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்திவைப்போம். வருகிறவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் ஒரு கட்டைவிரல் போடுங்கள்.