கல்லூரிப் பட்டறைகளை மாலையிலும் திறந்து வைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
இட்லி வியாபாரம் செய்யும் தமிழ்க் குடும்பங்கள்,
90 அடி சாலை, தாராவி, மும்பை.

பெறுநர்:
முதன்மைச் செயலாளர் அவர்கள்,
உயர் மற்றும் தொழில்நுட்பக் கல்வித் துறை,
மகாராஷ்டிர அரசு, மந்த்ராலயா, மும்பை.

பொருள்: தொழில் தொடங்கும் மாணவர்களுக்குப் பட்டறை, பரிசோதனை வசதி, வருகைப்பதிவில் தளர்வு வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் தாராவியில் இட்லி அவித்து விற்கிறேன். விடிகாலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்டினால்தான் ஆறு மணிக்குச் சைக்கிள்காரர்கள் எடுத்துப் போக முடியும். ஆனால் மாவு நம் பேச்சைக் கேட்பதில்லை. மே மாதம் ஐந்தாறு மணி நேரத்தில் பொங்கிப் புளித்துவிடும். ஜனவரியில் விடிய விடிய வைத்தாலும் எழும்பாது. ஓர் அண்டா கெட்டால் அன்றைய வருமானம் சாக்கடையில்தான்.

பொறியியல் படிக்கும் என் மகன் இதற்கு ஒரு கருவி செய்தான். அண்டா மூடியின் உட்பக்கம் பொருத்தும் தீப்பெட்டி அளவு டப்பா. மாவு எவ்வளவு மேலே வந்திருக்கிறது, சூடு எவ்வளவு என்று பார்த்து, பதம் வந்ததும் போனில் மணி அடிக்கும். போன மே மாதம் என் வீட்டில் ஓர் அண்டாகூட வீணாகவில்லை. தெருவில் ஆளாளுக்குக் கேட்கிறார்கள்.

அப்புறம்தான் சிக்கல். கல்லூரிப் பட்டறையை ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள், வகுப்பு முடிவதும் அப்போதுதான். எங்கள் ஒற்றை அறையில் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சால்டரிங் வைத்தான். இட்லி ஆவி பட்டு இரண்டு முறை சர்க்யூட் போர்டு போனது. லேமிங்டன் ரோட்டில் உதிரிபாகம் தேடி அலைந்ததில் வருகைப்பதிவு குறைந்து, ஒரு செமஸ்டர் தேர்வு எழுத விடவில்லை. மாவுக்கு மேலே இருக்கும் பிளாஸ்டிக் என்பதால் பரிசோதனை செய்யாமல் யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று நானே சொல்லிவிட்டேன். அதற்கு யாரிடம் போவது என்று கல்லூரியில் சொல்ல ஆள் இல்லை.

2019இல் மத்திய அரசு மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் வெளியிட்ட புத்தாக்க, ஸ்டார்ட்அப் கொள்கையை மகன் வாசித்துக் காட்டினான். தொழில் தொடங்கும் மாணவரை, வருகை குறைந்தாலும், அனுமதி பெற்றுத் தேர்வு எழுத விடலாம் என்று அதில் இருக்கிறது. கல்லூரியின் ஆண்டு பட்ஜெட்டில் குறைந்தது 1 சதவீதத்தை இதற்கு ஒதுக்கச் சொல்கிறது. வசதிகளைக் கொடுப்பதற்காகக் கல்லூரி அந்தத் தொழிலில் 2 முதல் 9.5 சதவீதம் வரை பங்கு எடுத்துக்கொள்ளலாம் என்றும் உண்டு. எடுத்துக்கொள்ளட்டும், நாங்கள் சும்மா கேட்கவில்லை. ஆனால் வழிகாட்டுதல்தானே என்று விட்டுவிடுகிறார்கள். மாநில அரசு ஒரு ஜிஆர் (அரசாணை) போட்டால் விட முடியாது.

பவாய் ஐஐடி 2004இல் புதுத் தொழில்களுக்குக் கைகொடுக்கும் சைன் என்ற தொழில் வளர்ப்பகத்தைத் தொடங்கியது. டிரோன் செய்யும் ஐடியாஃபோர்ஜ் அங்கே வளர்ந்து, 2023இல் பங்குச் சந்தைவரை வந்தது. சாதாரணக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம். இரவு ஒன்பது மணிவரை பட்டறை திறந்திருக்கட்டும், பொறுப்புக்கு ஓர் ஆசிரியர் இருக்கட்டும். எங்களுக்கு நடை தூரத்தில் மாட்டுங்காவில் விஜேடிஐ பொறியியல் கல்லூரி இருக்கிறது, உணவுத் தொழில்நுட்பம் கற்பிக்கும் ஐசிடி இருக்கிறது. அங்கே வாரத்தில் ஒரு நாள், மற்றக் கல்லூரி மாணவர்களும் எங்களைப் போன்ற சிறுதொழில்காரர்களும் குறைந்த கட்டணத்தில் பரிசோதனை செய்துகொள்ள வழிசெய்ய வேண்டும். தோல் பை தைப்பவர்களும் இதையே கேட்கிறார்கள்.

மகன் படிக்கும் கல்லூரியின் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. யார் மீதும் நடவடிக்கை கேட்டு இந்த மனு இல்லை.

அழைத்தால் கருவியோடும் ஓர் அண்டா மாவோடும் நேரில் வருகிறோம். மராத்தி நகல் இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
தாராவி இட்லி வியாபாரிகள் சார்பில் ஒரு தாய்
(மற்றவர்களின் கையெழுத்து பின்பக்கம்)