டூப் கலைஞர்களுக்கும் இயக்கம் கற்றுத் தருக

ஐயா,

ஸ்டண்ட் கலைஞராக இருந்து இயக்குநரான சாட் ஸ்டாஹெல்ஸ்கி பற்றிய தங்கள் கட்டுரை அருமை. ‘தி மேட்ரிக்ஸ்’ (1999) படத்தில் கியானு ரீவ்ஸுக்கு டூப் போட்டவர், அதே நடிகரை நாயகனாக்கி 2014-இல் ‘ஜான் விக்’ படத்தை இயக்கினார். அடி எங்கே விழும், கேமரா எங்கே நிற்க வேண்டும் என்பதை உடம்பால் அறிந்தவருக்கு இயக்கம் கைவராமல் போகுமா?

எங்கள் ஊர்ச் சிலம்பக் கூடத்தில் கம்பைக் கையில் கொடுக்கும் முன்பே காலடி வரிசையைத்தான் ஆசான் பழக்குகிறார். அப்படித் தேறிய பிள்ளைகள் சென்னை சென்று, கடைசிவரை முகம் தெரியாத டூப்பாகவே இருந்துவிடுவது வேதனை. தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனம், ஸ்டண்ட் கலைஞர்களுக்கென இயக்கமும் படத்தொகுப்பும் கற்பிக்கும் குறுகிய காலப் பயிற்சியை, கல்வித் தகுதி கேட்காமல் தொடங்க வேண்டும்.

– வாசகர், கும்பகோணம்