வலியை மறைத்து ஓடும் பிள்ளைகள்

ஆசிரியர் அவர்கட்கு,

பாடசாலை மெய்வல்லுநர் போட்டிகளில் கோட்டம், வலயம் என்ற கல்விப் பிரிவு மட்டங்களில் படிப்படியாக வென்று மாகாணத்துக்குத் தயாராகும் பிள்ளைகளின் வீடுகளில் நடப்பது ஒன்றைப் பற்றி, அப்படிப்பட்ட வீடொன்றின் தாய் என்ற முறையில் எழுதுகிறேன்.

என் மூத்த மகள் 14 வயதுக்குட்பட்டோர் பிரிவில் 200 மீற்றர் ஓட்டத்திலும் நீளம் பாய்தலிலும் பங்குபற்றுபவள். கடந்த வருடம் வலயத்தில் முதலாவதாக வந்த நாளிலிருந்து எங்கள் வீடு அவளுடைய கால்களைச் சுற்றியே இயங்கியது. விடிய நாலரைக்கு அம்மம்மா முட்டைக் கோப்பி அடித்துக் கொடுப்பார். கணவர் உப்புவெளியிலிருந்து மக்ஹெய்சர் மைதானத்துக்கு மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் சென்று, பயிற்சி முடியும்வரை வேலியோரம் நின்று, பிறகுதான் வேலைக்குப் போவார். ஸ்பைக்ஸ் சப்பாத்து என் சீட்டுக் காசில் வாங்கியது. ஞாயிறு அறநெறி வகுப்பை விட்டோம். சின்னவனைக் கடற்கரைக்குக் கூட்டிப்போவதும் நின்றுபோனது. 1958 இல் டோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் இலங்கை வீரர் எதிர்வீரசிங்கம் உயரம் பாய்தலில் தங்கம் வென்ற கதையை அம்மப்பா அவளுக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை.

சித்திரை மாதத்தில் ஒரு பின்னேரம், கிணற்றடியில் அவள் ஒரு காலை மடக்காமல் நீட்டி வைத்துக்கொண்டு குனிந்து கால் கழுவுவதைக் கண்டேன். தொட்டுப் பார்த்தபோது முழங்காலுக்குச் சற்றுக் கீழே புளியங்கொட்டை அளவில் புடைத்திருந்தது. தைப்பொங்கலுக்கு முதலே நோவு தொடங்கிவிட்டதாம். அந்தக் காலோடுதான் பாடசாலையின் இல்லங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டியில் ஓடியும் பாய்ந்தும் இருக்கிறாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா அப்பா பாவம், அம்மா" என்றாள்.

வளரும் வயதில் தொடைத் தசையின் நாண் முழங்காலுக்குக் கீழே எலும்போடு சேரும் இடம் முற்றாமல் இருக்கும் என்றும், ஓய்வில்லாமல் ஓடிப் பாயும்போது அந்த இடம் மீண்டும் மீண்டும் இழுபட்டு வீங்குகிறது என்றும், ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் தானாகவே மாறிவிடும் என்றும் வைத்தியர் விளக்கினார். பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒரு நாளாவது பயிற்சியில் விடுப்பு வேண்டும், ஒரே விளையாட்டைச் செய்பவர்கள் வருடத்தில் இரண்டு மூன்று மாதங்களாவது அதிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம் கூறுகிறது. எங்கள் மகளுக்கு எட்டு மாதங்களில் அப்படி ஒரு ஞாயிறுகூட இருக்கவில்லை.

பயிற்றுவித்த ஆசிரியரை நான் குறை சொல்ல மாட்டேன். அவரிடமும் அவள் மறைத்தே ஓடினாள். பெற்றோரின் அவசரத்துக்கும் காரணம் இல்லாமல் இல்லை. தேசிய மட்டத்தில் திறமை காட்டினால் பல்கலைக்கழக அனுமதியில் அதற்கென ஒரு விசேட வழி உண்டு என்பதால், அகில இலங்கைச் சான்றிதழ் ஒன்றை எண்ணியே பல தகப்பன்மார் வேலியோரம் நிற்கிறார்கள். ஆனால் அங்கிருந்து கூப்பிடும் ஒவ்வொரு குரலும் பிள்ளையின் வாயை இன்னும் இறுக்கி மூடுகிறது என்பதை நான் என் வீட்டில் கண்டேன்.

ஆகவே விளையாட்டுப் பொறுப்பாசிரியர்களிடம் இரண்டு விடயங்களைக் கேட்கிறேன். போட்டிக் காலத்திலும் ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சியை நிறுத்துங்கள். நோவு என்று சொல்லும் பிள்ளைக்கு, குணமாகி வந்ததும் போட்டிக் குழுவில் தன் இடத்துக்குத் திரும்பவும் தகுதி ஓட்டம் ஓட வாய்ப்பு உண்டு என்பதைப் பயிற்சி தொடங்கும் முதல் நாளிலேயே, பெற்றோரையும் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். அந்த உறுதி இருந்திருந்தால் என் மகள் மூன்று மாதங்கள் மறைத்திருக்க மாட்டாள்.

இவ்வருட வலயப் போட்டிக்கு அவளை அனுப்பவில்லை. அவளுடைய இடத்தில் இன்னொரு பிள்ளை ஓடுகிறாள். அந்தப் பிள்ளையின் தாயாரைக் கண்டு, கிழமைக்கு ஒரு தரமாவது மகளின் முழங்காலைத் தொட்டுப் பார்க்கும்படி சொல்லியிருக்கிறேன்.

இங்ஙனம்,
ஒரு தாய்,
உப்புவெளி, திருகோணமலை.